ஒரு ஃபேன் பெல்ட்டும் இரண்டு ஸ்டாண்டர்டுகளும்



போன ஞாயிற்றுக்கிழமை காலை பெருங்களத்தூரில் மாமா வீட்டு வாசலில் வைத்து அவருடைய பழைய மினி லாரிக்கு ஃபேன் பெல்ட் மாற்றினோம். மாற்றினோம் என்றால், மாமா மாற்றினார், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பி.காம். படிக்கிறவனை நம்பி அவர் அதற்கு மேல் பொறுப்பு தருவதில்லை. :-)

போன வருஷம் இதே பெல்ட் வண்டலூர் தாண்டி லோடோடு போகும்போது அறுந்துவிட்டது. "வீடு பக்கம்தானே" என்று அப்படியே ஓட்டி வந்தார். வாட்டர் பம்ப் சுற்றவில்லை, எஞ்சின் கொதித்தது, ஹெட் கேஸ்கட் போனது. ஒரு வாரம் வண்டி நின்றது. ஒரு வார வாடகை போச்சு, மெக்கானிக் கூலி தனி, டியூ தேதி மட்டும் நிற்கவில்லை. காரணம், சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வளையம். "ரெண்டு நாளா கிறீச் கிறீச்னு கத்துச்சு மாப்ள, மழைக்குக் கத்துதுன்னு நான்தான் விட்டுட்டேன்" என்றார். அதனால் இந்த முறை அறுவதற்கு முன்பே மாற்றிவிட்டார்.

வேலை நடக்கும்போது சும்மா கேட்டேன், "இதெல்லாம் எங்க மாமா கத்துக்கிட்டீங்க?"

"ஸ்டாண்டர்டு வேன்ல. கம்பெனிய மூடி எத்தனையோ வருஷம் கழிச்சும் அந்த வேன் ஓடுச்சு."

இந்த பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். செய்த கம்பெனியே இல்லை, ஆனால் வண்டி மட்டும் எப்படி ஓடியது? தேடிப் படித்ததில், விடை மாமா கையில் இருந்த அந்த பெல்ட்டிலேயே பாதி இருக்கிறது என்று தெரிந்தது. கொஞ்சம் பின்னால் போகலாம்.

தோல் காலம்

எஞ்சினோ மோட்டாரோ ஓரிடத்தில் சுற்றும், அந்தச் சுழற்சி வேறோர் இடத்தில் தேவைப்படும். நடுவில் ஒரு வாரைப் போட்டு இணைப்பதுதான் மனிதன் கண்ட மலிவான வழி. அந்த வார் ரொம்ப நாள் தோலில்தான் இருந்தது. அந்தக் காலத்துத் தொழிற்சாலைகளில் கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தட்டையான பட்டை இறங்கும். நம் ஊர் பழைய ரைஸ் மில்லில் 'டப் டப்' என்று துள்ளிக்கொண்டே ஓடும் அகலமான பெல்ட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மோட்டார் கார் வந்தபோதும் முதலில் இதையே போட்டார்கள். 1908 முதல் 1927 வரை ஃபோர்டு செய்த மாடல் டி காரில் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றியது ஒரு தட்டையான பட்டைதான். தட்டைப் பட்டைக்கு இரண்டு வியாதி. தண்ணீரோ எண்ணெயோ பட்டால் வழுக்கும், கொஞ்சம் கோணலானால் புல்லியை விட்டுக் கழன்று ஓடும்.

தோலுக்கும் நம் ஏரியாவுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் வரும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். குரோமிய உப்பு போட்டுத் தோல் பதனிடுவது அப்போது மதராஸுக்குப் புதுத் தொழில். தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் அந்த ஊர் பெயரைக் கேட்டுக்கொண்டே போகிறோம், ஒரு தோல் கம்பெனியின் ஞாபகம் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

'வி' வடிவம் வந்தது

1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கேட்ஸ் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த ஜான் கேட்ஸ் ரப்பரும் நூலும் சேர்த்து ஒரு பெல்ட்டை உருவாக்கினார். அதன் குறுக்கு வெட்டு தட்டையாக இல்லை, கீழே குறுகி ஆங்கில எழுத்து 'வி' மாதிரி இருந்தது. இதுதான் வி-பெல்ட். பிறகு ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனியின் வால்டர் கைஸ்ட், இப்படிப்பட்ட பல பெல்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பெரிய தொழிற்சாலை இயந்திரங்களையும் சுற்ற வைத்தார். 1928-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

வடிவத்தில் அப்படி என்ன விசேஷம்? மரம் பிளக்கும்போது ஆப்பு அடிப்போமே, அதே கணக்குதான். பெல்ட்டை இழுக்க இழுக்க அது பள்ளத்துக்குள் இறுகும். பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரும் அதைக் கவ்விக்கொள்ளும். 40 டிகிரி கோணமுள்ள பள்ளத்தில், அதே இழுவிசைக்குத் தட்டைப் பட்டையைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்கு பிடிப்பு கிடைக்கிறது. அதனால் சின்ன பெல்ட் போதும், ஓரளவு டைட் இருந்தால் போதும், கழன்றும் ஓடாது.

இன்னொரு விஷயம். வி-பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது, பக்கச் சுவரில்தான் வேலை. தேய்ந்த பெல்ட் உள்ளே இறங்கி அடியில் உட்கார்ந்துவிட்டால் ஆப்புக் கணக்கு முடிந்தது, வழுக்க ஆரம்பிக்கும். மாமாவின் பழைய பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன், பக்கங்கள் இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. அந்தப் பளபளப்புதான் 'கிறீச்' சத்தத்துக்குக் காரணம்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கார் கம்பெனி

இனி நம் ஊர். சுதந்திரம் கிடைத்த கையோடு சென்னையின் இரண்டு முனைகளிலும் இரண்டு கம்பெனிகள் வந்தன. வடக்கே எண்ணூரில் 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து காமெட் லாரிகளுக்கு மாறியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.

தெற்கே, அதே 1948-ல் தொடங்கியது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் கூட்டாளி. தொழிற்சாலை தாம்பரத்தைத் தாண்டி, பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவில். வேன்கார்டு காரில் ஆரம்பித்து, 1950-களில் ஸ்டாண்டர்டு 8, 10, பென்னன்ட், 1961-ல் ஹெரால்டு, 1970-களில் கெஸல் என்று வரிசையாக வந்தன. ஸ்டாண்டர்டு 20 என்று ஒரு டன் சுமக்கும் வண்டியும் வந்தது. மாமா வேலை பழகியது அதில்தான். 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் லேலண்ட் கம்பெனி ஸ்டாண்டர்டையே வாங்கிவிட்டது. ஆக எண்ணூருக்கும் வண்டலூருக்கும் தாய் வீடு ஒன்றாகிப் போனது!

இதே ஏரியாவில் 1949-ல் சி.ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். முதல் பாடங்களில் ஒன்று ஆட்டோமொபைல் என்ஜினீயரிங். கார் கம்பெனியும் கார் படிப்பும் ஒரே சாலையில், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன.

1953: பெல்ட் உள்ளூர்க்காரன் ஆன கதை

இங்கே ஒரு காமர்ஸ் மேட்டர் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1953-ல் டாரிஃப் கமிஷன் அரசாங்கத்துக்கு ஒரு பரிந்துரை செய்தது. பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து இங்கே வெறுமனே பூட்டுகிற கம்பெனிகள் வேண்டாம், படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கட்டும் என்பது சாரம். அரசு ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாக ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டுக் கிளம்பின.

இருந்தவர்களுக்கு ஒரு கட்டாயம். டைனமோ, ரேடியேட்டர், பிஸ்டன், பெல்ட் எல்லாம் இங்கேயே வாங்கியாக வேண்டும். அதனால்தான் உதிரிபாகத் தொழில் இங்கே வளர்ந்தது. பெல்ட் சுற்றுகிற டைனமோவைச் செய்ய 1961-ல் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. பெல்ட்டுக்கு மதுரை. கோச்சடையில் ஃபென்னர் தொழிற்சாலை இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் கதையே பெல்ட்டின் கதைதான். 1861-ல் ஜோசப் ஹென்றி ஃபென்னர் இங்கிலாந்தின் ஹல் நகரில் தோல் பெல்ட் செய்யத் தொடங்கினார். 1929-ல் அதன் இந்தியக் கம்பெனி வந்தது. தோலில் தொடங்கிய பெயர் இன்று ஜே.கே. ஃபென்னர் என்று ரப்பர் பெல்ட்டின் முதுகில் அச்சாகி வருகிறது.

தோலிலிருந்து ரப்பருக்கு, ஹல்லிலிருந்து மதுரைக்கு. ஒரு பெல்ட்டுக்கு இவ்வளவு பயணம்!

கம்பெனி போனது, அளவு இருந்தது

லைசென்ஸ் ராஜ் காலத்தில் காசு இருந்தாலும் வண்டி கிடைக்காது. புக் செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையில் இருப்பதைக் கைவிட முடியாத நிலைமை. அதனால் டிரைவரே பாதி மெக்கானிக் ஆனார். டூல் பாக்ஸில் ஒரு ஸ்பேர் பெல்ட் இல்லாமல் வண்டி எடுக்காத டிரைவர்கள் அப்போது நிறைய.

ஸ்டாண்டர்டு 1970-களின் கடைசியில் கார் செய்வதை நிறுத்தி, சுமை வண்டிகளோடு நின்றது. 1985-ல் மறுபடி ஒரு முயற்சி: ஸ்டாண்டர்டு 2000. வெளியே பார்க்க இங்கிலாந்தின் ரோவர் காரின் புது உடம்பு, உள்ளே வேன்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்ட சந்தை அது. விலை அதிகம், பெட்ரோல் குடி அதிகம், ஓடவில்லை. 1988-ல் உற்பத்தியே நின்றது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம். இன்று அங்கே ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

கம்பெனி மூடினால் வண்டியும் சாக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஹெரால்டுகளும் வேன்களும் சாகவில்லை. ஏன்?

முதல் காரணம், அளவு. வி-பெல்ட்டை எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொள்ளவில்லை. அகலம், கோணம், நீளம் எல்லாம் பொதுவாக ஒத்துக்கொண்ட அளவுகள். பெல்ட்டின் முதுகில் 'ஏவி 13' என்று இருந்தால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பக்கத்தில் இருக்கும் எண் நீளம். அந்த இரண்டு எண் பொருந்தினால் யார் செய்த பெல்ட்டும் யார் செய்த வண்டியிலும் ஓடும். தாம்பரம் கடைக்காரருக்கு உங்கள் வண்டியின் பெயர்கூடத் தேவையில்லை, பழைய பெல்ட்டைக் காட்டினால் போதும்.

ஸ்டாண்டர்டு என்ற கம்பெனி போய்விட்டது. ஸ்டாண்டர்டு என்ற அளவு போகவில்லை. வண்டியை ஓட வைத்தது இரண்டாவது ஸ்டாண்டர்டு.

இரண்டாவது காரணம், கழற்றுகிற வழி. ஹெரால்டு எஞ்சினில் ஒரே பெல்ட், மூன்று புல்லி: கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே விசிறியோடு வாட்டர் பம்ப், பக்கத்தில் டைனமோ. டைனமோவைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் அது எஞ்சின் பக்கம் சாயும், பெல்ட் தளரும். இதைச் செய்ய ஸ்பெஷல் கருவி எதுவும் வேண்டாம்.

வாசலில் நடந்தது

மாமா செய்ததும் அச்சு அசல் அதே முறைதான், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் என்பது மட்டும்தான் வித்தியாசம். எஞ்சின் நன்றாக ஆறியபின் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். "கை புல்லிக்குள்ள இருக்கும்போது யாராச்சும் சாவி போட்டுட்டா விரல் போயிடும்." பிறகு ஆல்டர்னேட்டரின் கீழ் போல்ட்டையும், நீளப் பள்ளம் உள்ள பட்டையில் இருக்கும் மேல் போல்ட்டையும் தளர்த்தி உள்ளே தள்ளினார். பழைய பெல்ட் விசிறி இறக்கைகளைச் சுற்றி வெளியே வந்தது. புல்லிப் பள்ளங்களைத் துணியால் துடைத்தார், கையால் ஒவ்வொரு புல்லியையும் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். வாட்டர் பம்ப் பேரிங் போயிருந்தால் புது பெல்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை.

புது பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன். "நெம்பினா உள்ள நூலு அறும். வெளிய தெரியாது. நடுரோட்டுலதான் தெரியும்" என்றார். கையாலேயே ஏற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து போல்ட்டுகளை முடுக்கினார். நீளமான இடத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போல அமுங்க வேண்டும். அதிகம் அமுங்கினால் வழுக்கும். அமுங்கவே இல்லை என்றால் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர் பேரிங்குகள் சீக்கிரம் தேயும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரிய லாரிகளில் இரண்டு பெல்ட் ஜோடியாக ஓடும், அங்கே ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீண்டுபோன பழையது சும்மா சுற்றும், புதியது முழுச் சுமையையும் தாங்கிச் சீக்கிரம் போகும்.

மொத்தம் முக்கால் மணி நேரம். புது பெல்ட் ஓடிப் பழகியதும் கொஞ்சம் தளரும், அதனால் சில நாள் கழித்து ஒரு முறை டைட் பார்க்க வேண்டும். அதையும் நாள்காட்டியில் குறித்து வைத்துவிட்டார்.

இனி?

1979-ல் ஃபோர்டு மஸ்டாங் காரில் ஒரு மாற்றம் வந்தது. ஆளுக்கொரு பெல்ட்டுக்குப் பதில், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து எல்லாவற்றையும் சுற்றும் ஒரே நீளமான பெல்ட். டென்ஷனர் என்ற ஸ்பிரிங் கை அதைத் தானாகவே டைட்டாக வைத்திருக்கும். இப்போது பெரும்பாலான கார்களில் இதுதான். நல்ல விஷயம்தான், அதிக நாள் உழைக்கும். ஆனால் இது அறுந்தால் சார்ஜ், ஏ.சி., பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அளவு இங்கேயும் பொதுதான், '6பிகே' என்றால் ஆறு வரி என்று அர்த்தம். ஆனால் சில புது வண்டிகளில் டென்ஷனரே கிடையாது. ரப்பர் பேண்ட் மாதிரி இழுத்துப் போடும் பெல்ட், அதற்குத் தனிக் கருவி வேண்டும். அளவு பொதுவாக இருந்தும் போடுகிற வழி வாசலை விட்டு மெல்ல நகர்கிறது.

இது ஏதோ பழைய காலத்து ஏக்கம் இல்லை. 1990-களில் திரும்பி வந்து மறைமலை நகரில் தொழிற்சாலை போட்ட ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலை நகரில் உற்பத்தி நின்றது. (ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மறுபடி பயன்படுத்தப் போவதாக 2024-ல் அறிவித்தார்கள்.) அதாவது ஜி.எஸ்.டி. சாலை இதே நாடகத்தை இரண்டாவது முறை பார்த்துவிட்டது. கம்பெனிகள் வரும், போகும். வண்டி வாங்கியவன் தவணை கட்டிக்கொண்டு இங்கேயே இருப்பான்.

2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு போட்டது. எடுத்துக்கொண்ட துறைகளில் ஆட்டோமொபைலும் ஒன்று. அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். கையேடும் உதிரிபாகமும் வாங்கியவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. படிக்கும்போது எனக்கு மாமாவின் ஸ்டாண்டர்டு வேன்தான் ஞாபகம் வந்தது. அந்த வேனுக்கு யாரும் உரிமை எழுதித் தரவில்லை, பெல்ட்டின் அளவும் இரண்டு போல்ட்டுமே அந்த உரிமையைக் கொடுத்திருந்தன. இனி வரும் வண்டிகளில் அது தானாக இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வண்டியின் விலையை இத்தனை வருஷத்தில் இத்தனை சதவீதம் குறைத்து எழுத வேண்டும். அந்தக் கணக்குப்படி மாமாவின் லாரிக்கு இப்போது மதிப்பே இல்லை. ஆனால் திங்கட்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு அது கோயம்பேட்டுக்குக் கிளம்பியது, காய்கறி லோடோடு திரும்பியும் வந்தது.

பழைய பெல்ட்டைக் குப்பையில் போடப் போனேன். மாமா பிடுங்கிக்கொண்டார். "அறுந்துபோகலையே, வீடு வரைக்கும் வரும்" என்று சொல்லி, சுருட்டி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.